இரட்டைக் கொம்பு போட்ட பெயர்

மகனுக்கு,

2007 அக்டோபர் 15, திங்கட்கிழமை, காலை பதினொன்று இருபது. நீ பிறந்து இன்றோடு இருபத்தேழு நாள். தாய்லாந்தில் லம்பாங் என்கிற ஊரில், நோய் என்று பெயர் கொண்ட ஓர் அக்காவின் கடையில் நான் சாப்பிட்டது ஐந்நூற்று அறுபத்தாறு வேளை. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. அங்கே வேலைக்குப் போன நாள்களை இரண்டால் பெருக்கி, கடை மூடியிருந்த நாள்களைக் கழித்து, இப்போதுதான் இந்தத் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அத்தனை வேளை ஒருத்தர் கையால் சாப்பிட்டுவிட்டு அவருக்கு நான் செய்ததை உனக்கு எழுதவேண்டியிருக்கிறது. எதிரே சூளை ஆறிக்கொண்டிருக்கிறது. அறுநூற்றுப் பத்து டிகிரி. இருநூறுக்குக் கீழே இறங்காமல் கதவைத் திறந்தால் உள்ளே அடுக்கியிருக்கும் பீங்கான் பியூஸ் கேரியர் எல்லாம் விரிசல் விட்டுவிடும். எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாது. இன்றைக்கு வேறு வழியில்லை.

நீ இதை இப்போது படிக்கப்போவதில்லை. படிப்பு முடிந்து வேலைக்கென்று விருத்தாசலத்தை விட்டு நீ கிளம்புகிற அன்று உன் கையில் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்து வைப்பேன். வியாழக்கிழமை உனக்கு முப்பதாம் நாள், பெயர் வைக்கிறோம். அப்பன் குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்லவேண்டும். நான் சொல்லக் கூடாது என்று உன் அம்மா நேற்று ஸ்ரீமுஷ்ணத்தில், அவள் பிறந்த வீட்டில் வைத்து, சொல்லிவிட்டாள். கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கோபப்படவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பெரியவனான பிறகு யாராவது உன்னிடம் "பேர் வைக்கிற அன்னிக்கு உங்கப்பன் மூஞ்சி ஏன் அப்படி இருந்துச்சு" என்று கேட்டால் உனக்குக் காரணம் தெரிந்திருக்கவேண்டும்.

செராமிக் டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் இங்கே தொழிற்பேட்டையில் இன்சுலேட்டர் சுட்டுக்கொண்டிருந்தேன். 2005-இல் லம்பாங்கில் ஒரு பீங்கான் பாத்திரக் கம்பெனிக்கு சூளை ஆள் தேவை என்று வந்தது. நானும் செல்வமும் போனோம். செல்வம் என் வகுப்புத் தோழன், நல்லூர்க்காரன். லம்பாங்கும் நம்மூர் மாதிரிதான். மண், சூளை, தெருவுக்குத் தெரு பீங்கான். கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு வீடு. அந்த வீட்டின் முன்னறைதான் கடை. ஆறு மேசை. சுவரில் டிவி. உள்ளே அவர்கள் துணி காய்வது சாப்பிடுகிற இடத்திலிருந்தே தெரியும். அக்கா சமைப்பார், அவர் கணவர் பைக்கில் சாமான் வாங்கி வருவார், பாத்திரம் தேய்ப்பார். மெனு கார்டு ஒன்றும் கிடையாது. அன்றைக்கு என்ன செய்தார்களோ அது, இல்லாவிட்டால் நீ கைகாட்டுவது. முதல் நாள் மீன் சாறு வாடையில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தயிர் இருக்கிறதா என்று சைகையில் கேட்டேன், என்ன கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை. மேசையில் நான்கு சின்ன ஜாடி இருக்கும்: மிளகாய்த்தூள், சர்க்கரை, மிளகாய் ஊறிய காடி, மீன் சாறு. நான் மிளகாய்த்தூளை மட்டும் குவித்துக் கொட்டிக்கொண்டேன். அக்கா வந்து என் கரண்டியை வாங்கி, நான்கிலும் ஒவ்வொரு சிட்டிகை போட்டுக் கலக்கி, ஒரு வாய் தின்னச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். நான் தலையாட்டியதும்தான் அடுப்புக்குத் திரும்பிப் போனார். பத்து நாளில் நான் கையால்தான் சாப்பிடுவேன் என்று தெரிந்துகொண்டு எனக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் கை கழுவத் தண்ணீர் வைத்தார்.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். எழுத அசிங்கமாக இருக்கிறது, எழுதாமல் முடியாது. அந்த ஊரில் மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். நாம் அக்கா, அண்ணே என்கிற மாதிரி ஒரு முறைச்சொல்லைப் பெயருக்கு முன்னால் வைப்பார்கள். அந்தச் சொல் நம் காதில் 'பீ' என்று விழும். அவர் பெயர் நோய். அவர்கள் பாஷையில் சின்னவள், குட்டி என்று அர்த்தம். ஆக, தெருவே அவரைக் கூப்பிடுவது 'பீ நோய்'. முதல் நாள் ஒரு லாரி டிரைவர் அப்படிக் கூப்பிட்டு, அவரும் "வந்துட்டேன்" என்பது போல் சந்தோஷமாகக் குரல் கொடுத்தபோது, செல்வத்துக்குப் புரையேறிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுவரை தப்பில்லை. தெரியாத ஊர், தெரியாத பாஷை, காதில் விழுந்ததற்குச் சிரித்தோம். மூன்றாவது வாரம் கம்பெனியில் கூட வேலை செய்தவர் ஒருவர் அர்த்தத்தை விளக்கினார். அன்றைக்கே செல்வத்திடம் சொன்னேன்.

"டேய், அது அக்காவாம்டா."

"அப்ப இன்னும் மரியாதையா கூப்புடு," என்றான்.

அதற்குப் பிறகு சிரித்ததெல்லாம் தெரிந்தே சிரித்தது. நான் சத்தமாக, இழுத்து, ஒவ்வொரு வேளையும் அப்படியே கூப்பிட்டேன். அக்காவுக்கு அது பிடித்துப்போனது. மற்ற வெளிநாட்டுக்காரர்கள் 'மேடம்' என்பார்கள். இந்தப் பையன்கள் முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்து மேசைக்காரர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவார். பதிலுக்கு என்னைத் தம்பி என்று அவர்கள் முறையில் கூப்பிட்டார்.

டிசம்பரில் எனக்குக் காய்ச்சல். ஒன்பது நாள். உடம்பு முறித்துப்போட்டது போல் வலி. செல்வம் ஷிப்டுக்குப் போய்விடுவான், அவனைக் குறை சொல்ல முடியாது. அக்காவின் கணவர் காலையிலும் மாலையிலும் பைக்கில் தூக்குப் போசியில் கஞ்சி கொண்டுவந்தார். உடைந்த அரிசியைக் குழையக் காய்ச்சி, இஞ்சி சீவிப் போட்டது. நம் வீட்டு நொய்க்கஞ்சிதான், உப்புக்குப் பதில் இரண்டு சொட்டு மீன் சாறு. ஐந்தாம் நாள் நான் வாயில் எதுவும் வாங்கவில்லை என்று கேள்விப்பட்டு, மத்தியானக் கூட்டத்தைக் கணவரிடம் விட்டுவிட்டு அக்காவே வந்தார். தலையணையைத் தூக்கிவைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார். வாந்தி எடுத்தேன், துடைத்தார். நான் இருபத்து நான்கு வயது ஆள். அம்மாவைத் தவிர யாரும் எனக்கு அதைச் செய்ததில்லை. எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு அந்தக் கடைக்குள் நுழையவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருவருக்கு இவ்வளவு கடமைப்பட்டிருப்பது எனக்குப் பழக்கமில்லை. வாயைத் திறந்து நன்றி என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் பாஷையில் அது எனக்குத் தெரிந்த முதல் வார்த்தை. சொல்லவில்லை. அதை ஒரு வேடிக்கையாக்கி இறக்கிவைக்கப் பார்த்தேன்.

புதிதாக இன்னும் தமிழ் ஆள்கள் கம்பெனிக்கு வரப்போகிறார்கள் என்று பேச்சு. கடைக்கு எங்கள் எழுத்தில் ஒரு போர்டு எழுதித் தர முடியுமா என்று அக்கா கேட்டார். நான் அட்டையில் எழுதித் தந்திருக்கலாம், ஒரு மழைக்குத் தாங்காது, தொலைந்திருக்கும். நம் தொழில் புத்தி விடவில்லை. ஒன்றரை அடிக்கு ஓரடி ஒரு ஓடு வார்த்தேன். கோணாமல் காய வைத்தேன். பிஸ்கெட் சூடு என்கிற முதல் சூட்டைக் கொடுத்து, கோபால்ட் நீலத்தில் பிரஷ்ஷால் எழுதி, மேலே கண்ணாடி மாதிரி தெரிகிற கிளேஸ் ஊற்றி, ஆயிரத்து இருநூற்று ஐம்பதில் சுட்டேன். நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். ஒரு குமிழ் இல்லை, ஒரு கோடு கலங்கவில்லை. கிளேஸுக்கு அடியில் இருக்கும் எழுத்து அழியாது. அமிலம் ஊற்றினாலும் போகாது. அதில் நான் எழுதியது: 'பீநோய் சாப்பாட்டுக் கடை'.

அக்காவும் கணவரும் கடை வாசலில் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அக்கா கேட்டார். "உங்கள் பெயர்தான். நீங்கள் மூத்தவர் என்கிற முறையோடு போட்டிருக்கிறேன்" என்று தெரிந்த நாலு வார்த்தையும் சைகையுமாகச் சொன்னேன். சொல்லுக்குச் சொல் சரி. அதைவிட மோசமான பொய்யை நான் இதுவரை சொன்னதில்லை. கணவர் டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கிவந்து கல்லாவுக்கு மேலே நான்கு ஸ்க்ரூ போட்டு மாட்டினார். அக்கா அதற்கு ஒரு சின்ன மல்லிகைச் சரம் போட்டார். அன்று எங்களுக்கு முழு மீன் பொரித்து வைத்தார்கள். செல்வம் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். நான் மீனைத் தின்றேன்.

மகனே, புத்தி சொல்ல எனக்கு வயசும் இல்லை, யோக்கியதையும் இல்லை. பட்டதை மட்டும் சொல்கிறேன். நீ வெளியூர் போவாய். ஓட்டலில் சாப்பிடுவது வேறு. ஒரு குடும்பம் தன் முன்னறையில் மேசை போட்டு உனக்குச் சோறு வைப்பது வேறு. அங்கே நீ வாடிக்கையாளன் மட்டும் இல்லை, அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற ஆள். சமைக்கிறவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள். தெரிந்துகொண்ட பிறகு அந்த முறைக்குத் தகுந்த மாதிரி நட. நம் ஊரில் எவனாவது என் அக்காவைக் கேலி செய்திருந்தால் பஸ்ஸ்டாண்டிலேயே சட்டையைப் பிடித்திருப்பேன். இன்னொரு பாஷையின் அக்கா என்றதும் எனக்கு அந்த ரோஷம் வரவில்லை. ரோஷம் பாஷை பார்த்து வந்தால் அதற்குப் பெயர் ரோஷம் இல்லை.

2006 ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்து நான் வந்துவிட்டேன். செல்வம் தொடர்ந்து அங்கேயே இருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் உன் அம்மாவிடம் காய்ச்சல் கதையைச் சொல்லியிருக்கிறேன், கஞ்சி கொடுத்த அக்கா என்று. ஓட்டைப் பற்றிச் சொன்னதில்லை. மறைக்க நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. சுத்தமாக மறந்திருந்தேன். இதுதான் இப்போது எனக்கு அதிகமாக உறுத்துகிறது.

செல்வம் ஆயுத பூஜைக்கு லீவில் வந்தான். நேற்று மத்தியானம் இரண்டு பேரும் பஸ் பிடித்து ஸ்ரீமுஷ்ணம் வந்தோம், உன்னைப் பார்க்க. உன் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செல்வம் ஒரு பொட்டலத்தைப் பிரித்தான். லம்பாங் கிண்ணம், சேவல் படம் போட்டது, உன் கைப்பிடி அளவுக்கு. எனக்குப் பிள்ளை பிறந்த சேதியைக் கேட்டு அக்கா கொடுத்துவிட்டதாம். உன் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பு. யார் இவங்க, எப்படி இருப்பாங்க என்று கேட்டாள். செல்வம் போனை எடுத்துப் படத்தைக் காட்டினான். அக்கா, கணவர், பின்னால் சுவரில் ஓடு. படத்தை முதலில் எட்டிப்பார்த்து வாய்விட்டுப் படித்தது உன் தாய்மாமன். விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்து வீட்டில் காட்டுவதற்குப் போனை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தான்.

"குடுறா இங்க," என்றாள் உன் அம்மா.

ஓட்டில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் நான் எழுதிய கடிதங்களையெல்லாம் படித்தவள் அவள்.

"இது உங்க எழுத்து."

செல்வம்தான் பேசினான், அதுவும் குஷியாக. இப்போது அங்கே நம் ஊர்ப் பையன்கள் எட்டுப் பேர் இருக்கிறார்களாம். புதிதாக வருகிறவனை முதல் நாளே அந்த ஓட்டுக்குக் கீழே நிற்கவைத்துப் படம் எடுப்பார்களாம். அக்காவும் கூட நின்று போஸ் கொடுப்பாராம்.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அதுக்கு எங்க தெரியும்மா? அது டெய்லி ஈரத்துணி போட்டுத் தொடச்சி வெச்சிக்கினு இருக்குது."

உன் மாமன் சிரிப்பை நிறுத்திவிட்டான். உன் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கஞ்சி குடுத்தவங்க இவங்கதான?" ஆமாம் என்றேன். அவள் பக்கத்தில் ஒரு டம்ளரில் அவளுக்கான நொய்க்கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, சண்டை போடுகிற குரலே இல்லாமல் சொன்னாள்:

"ரெட்டைக் கொம்புக்குப் பதிலா ஒத்தைக் கொம்பு போட்டிருந்தா நொய். சோத்துக் கடைக்கு அதவிட நல்ல பேரு இருக்குதா? நொய் அக்கா கடைன்னு எழுதறதுக்கு உங்களுக்கு என்னங்க கை வலிச்சிது?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் பெயருக்கு அர்த்தம் சின்னவள். நம் மொழியில் நொய் என்றாலும் சின்னது, உடைந்த அரிசி, காய்ச்சல்காரனுக்கு ஊட்டுவது. பெயர் தானாகவே தமிழில் வந்து உட்காரத் தயாராக இருந்திருக்கிறது. நான்தான் கொம்பை மாற்றிப்போட்டு அசிங்கமாக்கி, ஆயிரத்து இருநூற்று ஐம்பது டிகிரியில் சுட்டு வைத்திருக்கிறேன்.

அப்புறம்தான் அவள் அதைச் சொன்னாள். "முப்பதாம் நாள் எம்புள்ளை காதுல நீங்க பேரு சொல்லணும். ஒருத்தவங்க பேர இப்படிப் பண்ணி வெச்ச வாயி, அப்படியே வந்து இவன் பேரச் சொல்ல வேணாம். மொதல்ல அவங்ககிட்ட உண்மையச் சொல்லுங்க. அதுக்கப்புறம் வாங்க." கிண்ணத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். உனக்குப் பசி வந்துவிட்டது, அழுதாய். உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் செல்வம் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தான். பொம்பளைங்க பேச்சுக்கெல்லாம் இவ்வளவு யோசிக்காதே என்றான். கடைசியில் ஒரு வழி சொன்னான்.

"மாப்ள, நான் திரும்பிப் போனதும் அந்த ஓட்டை மெதுவாக் கயட்டி கீய போட்டு ஒடச்சிடறேன். தவறி வியிந்திச்சின்னு சொல்லிடறேன். நீ வேற ஒண்ணு நல்லதா செஞ்சி அனுப்பு. அக்காகிட்ட உண்மையச் சொல்லிட்டன்னு வூட்ல சொல்லிடு. யாருக்கும் மனசு நோவாது."

நான் 'சரி' என்றேன். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். விருத்தாசலம் பஸ்ஸ்டாண்டில் இறங்கியபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கணக்குப் போட்டால் அது நல்ல வழிதான்: ஓடு போய்விடும், அக்காவுக்கு வருத்தம் இல்லை, எனக்கும் ஒன்றும் இல்லை.

இன்று காலை சூளைப் பதிவேட்டில் டிகிரி எழுதிக்கொண்டிருந்தபோது அந்தக் கணக்கில் இருந்த தப்பு பிடிபட்டது. ஓடு உடைந்தாலும் அந்த எட்டுப் பேர் அவரைக் கூப்பிடுகிற விதம் மாறாது. அவர்கள் போனில் இருக்கிற படங்கள் உடையாது. தன்னோடு சேர்ந்து நின்று சிரிக்கிறவர்கள் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே அவர் இன்னும் பத்து வருடம் அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பார். வருத்தப்படுவதா, காறித் துப்புவதா, போங்கடா என்று எட்டுப் பேரையும் வெளியே தள்ளுவதா என்பதை முடிவு செய்யவேண்டியது அவர். அதையும் நானே முடிவு செய்து, அவருக்குத் தெரியாமல் சரிக்கட்டினால், மறுபடியும் ஒருமுறை அவர் சுவரில் எனக்கு வேண்டியதை எழுதுகிறேன் என்றுதான் அர்த்தம்.

எனக்குத் தெரிந்த தாய்லாந்து பாஷை சாப்பாட்டுக் கடையில் கற்றது. சோறு, காரம், போதும், இன்னும் கொஞ்சம். மன்னிப்புக்கு ஒரு வார்த்தை தெரியும், காலை மிதித்துவிட்டால் சொல்வது. ஆனால் மலத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை தெரியும், 'கீ'. 'உங்கள் பீ எங்கள் ஊரில் கீ' என்றால் அடுத்த நொடியே அவருக்குப் புரிந்துவிடும். வியாதிக்கு ஆஸ்பத்திரியில் கற்ற வார்த்தை இருக்கிறது. இந்த மூன்று வார்த்தை போதும். அதைக் கேட்கும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது, போனில் தெரியவும் தெரியாது. அந்த வசதியும் எனக்குக் கிடைத்திருக்கக் கூடாது. லம்பாங் போய்வர இப்போதைக்கு வழியில்லை.

சூளை நானூற்று எண்பதுக்கு வந்திருக்கிறது. நான் செய்யப்போவது:

1. செல்வத்திடம் போய், ஓட்டை அவன் தொடக் கூடாது என்று சொல்வேன். அக்காவின் கணவருடைய போன் நம்பரை வாங்கிக்கொள்வேன்.

2. அங்கே மத்தியானக் கூட்டம் ஓய்ந்து அவர்கள் சாப்பிட உட்காருவதற்கு முன்பாக, ஜங்ஷன் ரோட்டு பூத்திலிருந்து நாளை கூப்பிடுவேன். செல்வத்தைப் பேசவிட மாட்டேன். தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். அர்த்தம் தெரிந்தே எழுதினேன், காய்ச்சலுக்குப் பிறகு எழுதினேன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

3. அவர் திட்டினால் முடியும்வரை கேட்பேன். போனை வைத்துவிட்டால் இன்னொரு முறை கூப்பிட்டுத் தொல்லை செய்ய மாட்டேன்.

4. புது ஓடு செய்து தரட்டுமா என்று நானாகக் கேட்க மாட்டேன். அவராகக் கேட்டால் செய்வேன். என்ன எழுதவேண்டும் என்று அவர் சொல்லவேண்டும். ஒத்தைக் கொம்பா, ரெட்டைக் கொம்பா என்று எழுத்து எழுத்தாக விளக்கிக் காட்டிய பிறகே பிரஷ்ஷை எடுப்பேன்.

5. புதன்கிழமை ஸ்ரீமுஷ்ணம் வந்து, அவர் சொன்னது எதுவோ அதை உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன்.

6. வியாழக்கிழமை அவள் சரி என்றால் உன் காதில் உன் பெயரை மூன்று தடவை சொல்வேன். வேண்டாம் என்றால் உன் தாய்மாமன் சொல்லட்டும். நான் பக்கத்தில் நின்று, நாலு பேரோடு சேர்ந்து, உன் பெயர் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்வேன்.